கன்று பிறந்தது முதல் மூன்று மாதம் வரை: கழிச்சலும் மெலிவும் வராமல் வளர்ப்பது எப்படி?

முதல் மாதத்தில் கன்று செத்தால் பழி கழிச்சல் மேல் விழும். ஆனால் பாதிக் காரணம் பிறந்த அன்றே நடந்து முடிந்திருக்கும்: சீம்பால் நேரத்துக்குப் போகவில்லை.

1. மூக்கு, தொப்புள்

மூக்கிலும் வாயிலும் உள்ள கோழையைத் துடைத்துவிட்டு, தாயை நக்க விடுங்கள். தொப்புள் கொடியை வயிற்றிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு, சுத்தமான நூலால் கட்டி, அதற்குக் கீழே புது பிளேடால் நறுக்குங்கள். டிஞ்சர் அயோடினில் முனையை முக்கி எடுங்கள். மேலே தடவினால் மட்டும் போதாது. மூன்று நாள் தொடர வேண்டும். சாணியோ சாம்பலோ பூசினால் தொப்புள் சீழ் பிடிக்கும், பிறகு முட்டி வீங்கும்.

2. சீம்பால்

"நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் பீச்சலாம்" என்று இன்னும் பல வீடுகளில் சொல்கிறார்கள். கொடி விழ எட்டுப் பத்து மணி நேரம்கூட ஆகும். அதுவரை கன்று காத்திருக்கக் கூடாது. மாட்டின் வயிற்றில் இருக்கும்போது கன்றுக்கு நோய் எதிர்ப்பு சக்தி போய்ச் சேராது. சீம்பால் வழியாகத்தான் வர வேண்டும். அதை உறிஞ்சும் குடலின் திறன் மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் அடைபட்டுவிடும்.

அளவு, எடையில் பத்தில் ஒரு பங்கு. 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர்: முதல் இரண்டு மணி நேரத்துக்குள் பாதி, 12 மணி நேரத்துக்குள் மீதி. எழுந்து குடிக்காத கன்றுக்குப் பீச்சி, நிப்பிள் பாட்டிலில் கொடுங்கள். தலையை அண்ணாந்து பிடித்துச் சங்கில் ஊற்றினால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

3. பால், தீவனம், தண்ணீர்

முதல் மாதம் எடையில் பத்தில் ஒரு பங்கு பால், இரண்டாம் மாதம் பதினைந்தில் ஒன்று, மூன்றாம் மாதம் இருபதில் ஒன்று. சொசைட்டிக்கு ஊற்றும் அவசரத்தில் இதைக் குறைத்தால், அந்தக் கிடேரி சினைக்கு வருவது தள்ளிப்போகும்.

இரண்டாம் வாரத்திலிருந்து ஒரு கைப்பிடி கன்றுத் தீவனம் வையுங்கள். 100 கிலோவுக்கு: உடைத்த மக்காச்சோளம் 45, கடலைப் புண்ணாக்கு 35, கோதுமைத் தவிடு 17, தாது உப்பு 2, சாப்பாட்டு உப்பு 1. யூரியா கலந்த மாட்டுத் தீவனம் கன்றுக்கு ஆகாது. தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். அது இல்லாமல் தீவனம் இறங்காது. கேழ்வரகுத் தாளை மட்டும் போட்டால் வயிறு உப்பித் தெரியும், முதுகெலும்பும் தெரியும்.

4. கழிச்சல் கண்டால்

கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். உடனே படிந்தால் வீட்டிலேயே பார்க்கலாம்: ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் ஆறவைத்த வெந்நீரில் கரைத்து, நாளைக்கு இரண்டு மூன்று முறை. பாலோடு கலக்காமல் இரண்டு மணி நேரம் விட்டுக் கொடுங்கள். பாலை ஒரேயடியாக நிறுத்தினால் கன்று சோர்ந்துவிடும். தோல் மடிப்பு அப்படியே நின்று, கண் உள்ளே போய், காது சில்லிட்டுப்போனால் குளுக்கோஸ் ஏற்ற வேண்டிய நிலை. உடனே கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962-ஐ அழையுங்கள்.

மூன்று வாரத்துக்கு மேல் ஆன கன்று இரத்தமும் சளியுமாகக் கழிந்தால் இரத்தக்கழிச்சலாக இருக்கலாம். குடற்புழு மருந்து அதற்குக் கேட்காது. சாணியைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

5. குடற்புழு

உருண்டைப் புழு தாய்ப்பால் வழியாகவே வரும். அதனால்தான் முதல் மருந்து 10 முதல் 14 நாளுக்குள். பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை. அளவை எடை சொல்லிக் கேட்டு வாங்குங்கள், பெரிய மாட்டு மாத்திரையைக் கண்ணளவில் உடைக்காதீர்கள்.

6. படுக்கை

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிரில் ஈரத் தரையே பெரிய எதிரி. படுக்கையில் மண்டியிட்டுப் பாருங்கள். முழங்கால் நனைந்தால் வைக்கோலை மாற்றுங்கள். குளிருக்குப் பயந்து சாக்கு கட்டி நாலு பக்கமும் அடைத்தால் மூத்திர நெடியில் சளி பிடிக்கும். காற்று வரும் பக்கம் மட்டும், கன்றின் உயரத்துக்கு மறைத்தால் போதும்.

7. அளவு நாடா

முன்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டம் வரை நீளத்தையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 660 = கிலோ. சுற்றளவு 30, நீளம் 26 என்றால் சுமார் 35 கிலோ. துல்லியமில்லைதான், மருந்தளவுக்கு உதவும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை எழுதிவையுங்கள். கலப்பினக் கன்று நாளைக்கு 400 கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லையா? முதலில் பாலளவு, அடுத்து புழு, பிறகு காதுக்குள்ளும் வாலடியிலும் உண்ணி.

நாலாம் மாதம் கோமாரி ஊசி. கிடேரிக்கு மட்டும் 4 முதல் 8 மாதத்துக்குள் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி, வாழ்நாளில் ஒரே முறை.