சக்கரவர்த்தியா, ராஜாவா? எங்க எதப் போடணும்

அக்கா மகன் பேச்சுப் போட்டிக்கு "இங்கிலாந்து சக்கரவர்த்தி சார்லஸ்"னு எழுதிட்டு வந்து நின்னான், சரி இது நெறைய பேருக்கு கொழம்புற விஷயம்தான்னு இத எழுதுறேன்.

மொதல்ல பாக்க வேண்டியது, அந்த ஆளுக்குக் கீழ வேற ராஜாக்கள் இருக்காங்களா? இருந்தா சக்கரவர்த்தி, இல்லன்னா மன்னரோ ராஜாவோ போதும். வடமொழியில சக்கரம்னா தேரோட சக்கரம், அது தடையில்லாம எங்கயும் உருளுற அளவுக்கு ஆளுறவர்தான் சக்கரவர்த்தின்னு அர்த்தம்.

கையில வச்சு பாக்கணும்னா காரைக்குடி பழைய சாமான் கடையில வெள்ளி ரூவா கேளுங்க. 1862 போட்ட காசுல விக்டோரியா தலைக்குப் பக்கத்துல "குயின்"னு இருக்கும், 1877க்கு அப்பறம் வந்த காசுல அதே அம்மாவுக்கு "எம்ப்ரஸ்". ஏன்னா 1876ல சட்டம் போட்டு இந்தியாவுக்கு சக்கரவர்த்தினி ஆயிட்டாங்க, நம்ம புதுக்கோட்டை தொண்டைமான் மாதிரி ராஜாக்கள் எல்லாம் அவங்களுக்குக் கீழதான, ஆனா லண்டன்ல அவங்க எப்பவும் போல ராணிதான். அஞ்சாம் ஜார்ஜ் காசுல "கிங் எம்பரர்"னு ரெண்டுமே சேத்து இருக்கும், அங்க மன்னர் இங்க சக்கரவர்த்தி. நாடு விடுதலை ஆனதும் 1948ல அந்தப் பட்டத்த விட்டுட்டாங்க, அதனால சார்லஸ் வெறும் மன்னர். ஜப்பான்காரருக்கு மட்டும் இன்னும் பேரரசர்னுதான் போடணும், சாம்ராஜ்யம் இல்லாட்டியும் பட்டம் அப்படியே நிக்கிது.

எழுதும்போது இன்னொண்ணு, சக்கரவர்த்தி பேருக்குப் பின்னாடி வந்தாதான் காதுக்கு நல்லா இருக்கும், தசரத சக்கரவர்த்தி, மகாபலி சக்கரவர்த்தி. பேரரசர் முன்னாடி வரும், பேரரசர் அசோகர். பொம்பளைன்னா பேரரசி, இல்ல சக்கரவர்த்தினி. கல்வெட்டுல "திரிபுவனச் சக்கரவர்த்திகள்"னு பாத்தா பல பேருன்னு நெனச்சுறாதீங்க, ஒரே ராஜாதான், "கள்" மரியாதைக்கு.

ராஜாங்கிறது நம்ம ஊர்ல வேற கதை. கானாடுகாத்தான் அரண்மனைக்காரங்களுக்கு செட்டிநாட்டு ராஜாங்கிற பட்டம் 1929ல வெள்ளக்காரன் குடுத்தது, படையும் இல்ல கோட்டையும் இல்ல. அங்க போயி சக்கரவர்த்தின்னு சொன்னா சிரிப்பாங்க.

கவிதைக்கும் இதே கணக்குதான், நாட்டரசன்கோட்டையில சமாதி இருக்கிற கம்பர் கவிச்சக்கரவர்த்தி, சிறுகூடல்பட்டி கண்ணதாசன் கவியரசு, மேடையில மாத்திச் சொல்லிறாதீங்க, எங்க ஊர்ல முன் வரிசைலயே யாராவது எந்திரிச்சு திருத்துவாங்க.