அசுர ராஜாவை வைத்துக் காமெடி எழுதுகிறீர்களா? இதையெல்லாம் தவிருங்கள்

அசுர ராஜா, அரண்மனை, அங்கே வேலை பார்க்கிறவர்கள் படும் பாடு. இதை வைத்து நாடகம் எழுத இப்போது நிறையப் பேர் கிளம்பியிருக்கிறார்கள். ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் "அண்ணே, படிச்சுட்டுச் சொல்லுங்க" என்று கொண்டுவரும் ஸ்கிரிப்டுகளில் அதே தவறுகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. எழுத்துப்பிழை, நீள வசனம் எல்லாம் மேடையில் ஒருமுறை ஏறினால் தானாகத் திருந்திவிடும். அதை விடுங்கள்.

கொம்பு வைத்த மேனேஜர்

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ராஜா சிம்மாசனத்தில் இருப்பார், மந்திரி லேப்டாப்போடு வருவார், அப்புறம் அப்ரைசல், டார்கெட், வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீட்டிங். கொம்பைக் கழற்றிவிட்டு அதே வசனத்தை ஓஎம்ஆர் ஐடி கம்பெனியில் வைத்தால் ஒரு வரிகூட மாறாது. அப்புறம் அசுரன் எதற்கு? ஒரு ஆண்டு விழாவில் இப்படித்தான் போட்டார்கள். தெர்மாகோல் கிரீடம், வாடகை உடுப்பு, எல்லாம் பிரமாதம். லேப்டாப் வந்ததும் சிரித்த கூட்டம் இரண்டாவது காட்சியில் போனை எடுத்துவிட்டது. உடுப்புக்குக் கொடுத்த காசும் ஒத்திகைக்கு அலைந்த அலைச்சலும் தண்டம்.

இப்போது கும்பகர்ணனை எடுங்கள். ஆறு மாதம் தூங்கி ஒரு நாள் விழிப்பான். போர் நெருக்கடியில் பாதித் தூக்கத்தில் எழுப்பச் சொல்லி உத்தரவு வருகிறது. சங்கு ஊதி, பேரிகை கொட்டி, கடைசியில் ஆயிரம் யானைகளை மேலே ஓடவிட்டார்கள் என்கிறது வால்மீகி ராமாயணம். அந்த எழுப்பும் டிபார்ட்மெண்டில் வேலை பார்க்கிறவனை யோசியுங்கள். மற்ற நாளில் அவனுக்குச் சம்பளம் உண்டா, பர்மனெண்டா தினக்கூலியா, இந்த அவசர டியூட்டிக்கு ஓவர்டைம் கையெழுத்து யார் போடுவது? யானைக்குப் படி உண்டு, பாகனுக்குக் கிடையாது. எழுந்ததும் பசியில் எதை வாயில் போடுவான் என்று தெரியாததால், முகத்துக்கு நேராக நிற்பதற்கு மட்டும் கான்ட்ராக்ட் ஆட்கள்.

இந்தச் சிரிப்பு இலங்கையில் மட்டும்தான் வரும், ஓஎம்ஆரில் வராது. ஆனால் துறைமுகத்தில் சுமை தூக்கியவருக்கும் மில்லில் ஷிப்டு பார்த்தவருக்கும் உடனே புரியும். 1918இல் பெரம்பூரில் பின்னி மில் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்ட ஊர் இது, 1921இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்த ஊர். இங்கே இருந்துகொண்டு வேலை என்றதும் ஏசி ரூம் மட்டும்தான் ஞாபகத்துக்கு வருமா?

ராஜாவே ஜோக் அடிப்பது

தெருக்கூத்தைப் பாருங்கள். திரைக்குப் பின்னாலிருந்து ராஜா வேஷம் கம்பீரமாகத்தான் வரும். நீர் யார், எந்த ஊர் என்று நோண்டுகிறவன் கட்டியங்காரன், அந்த ராஜாவிடமே வேலை பார்க்கிறவன். ராஜாவும் சேர்ந்து ஜோக் அடித்தால் அவர்மேல் இருக்கும் பயம் போய்விடும். பயம் போனபிறகு கீழே இருப்பவன் சமாளிப்பதைப் பார்த்து யார் சிரிப்பார்கள்?

கடைசிப் பக்கத்து வரம்

இரணியன் சாவு மனிதனாலும் கூடாது மிருகத்தாலும் கூடாது, பகலிலும் கூடாது இரவிலும் கூடாது, உள்ளேயும் கூடாது வெளியேயும் கூடாது. எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட்டார்கள், ஓட்டை அதற்குள்ளேயே இருந்தது. முடிவு கிடைக்கவில்லை என்று கடைசியில் புது நிபந்தனை சேர்க்காதீர்கள்.

பெயர்

லேப்டாப்பாசுரன் வேண்டாம்.

பாஷை

தேவர்களுக்குச் செந்தமிழ், அசுரர்களுக்கு மட்டும் மெட்ராஸ் பாஷை. சினிமாக்காரர்கள் ரவுடி என்றாலே நம் தெருவைக் காட்டுவது போதாதென்று காசிமேட்டில் உட்கார்ந்து நாமே இதை எழுதுகிறோம். இந்திரனும் "இன்னாபா" என்று பேசட்டும், இல்லையென்றால் யாரும் பேச வேண்டாம்.

ஆலோசகரை விட்டுவிடுவது

மகாபலி கதையில் எல்லோரும் வாமனன் கேட்ட மூன்றடியோடு நின்றுவிடுகிறார்கள். சுக்கிராச்சாரியார் தெளிவாகச் சொன்னார், கொடுக்காதே என்று. முதலாளி கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் வண்டாக மாறிக் கமண்டலத்தின் மூக்கை அடைத்தார், தர்ப்பை குத்தி ஒரு கண் போனது. டியூட்டியில் நடந்த விபத்து, நஷ்டஈடு கேட்டு மனுக் கொடுக்கலாம் என்றால் கையெழுத்துப் போட வேண்டியவர் பாதாளத்துக்குப் போய்விட்டார். அந்த மனுவை யாராவது எழுதிக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து முழுசாகப் படிக்கிறேன்.