ட்ரோன் தொலைந்தால்: மேப்பில் தெரியும் கடைசிப் புள்ளிக்கு உடனே ஓடாதீர்கள்

கல்யாண வீடியோ எடுப்பவரோ, வயலில் படம் பிடிப்பவரோ, பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுபவரோ, ட்ரோன் கண்ணில் இருந்து மறைந்து திரையும் உறைந்து நின்றால் பெரும்பாலானவர்கள் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். மேப்பில் கடைசியாகத் தெரிந்த புள்ளிக்கு ஓடுகிறார்கள். அங்கே ட்ரோன் இல்லை என்றதும் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நேரம் அது அங்கிருந்து நூறு, இருநூறு மீட்டர் தள்ளி ஒரு மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

அந்தப் புள்ளி ட்ரோன் விழுந்து கிடக்கும் இடம் அல்ல. ரிமோட்டுக்கு அது கடைசியாகத் தகவல் அனுப்பிய இடம். தேடல் வீணாவதற்குப் பெரிய காரணம் இந்த இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதுதான்.

ஆகவே கிளம்பும் முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பறப்புப் பதிவைப் பாருங்கள். டிஜேஐ நிறுவனத்தின் ட்ரோன் என்றால் அதை இயக்கும் டிஜேஐ ஃப்ளை ஆப்பில் ப்ரொஃபைல் பக்கத்தில் 'ஃபைண்ட் மை ட்ரோன்' இருக்கும். அது புள்ளியை மட்டும் காட்டும். அதே பக்கத்தில் உள்ள பறப்புப் பதிவைத் திறந்தால் முழுப் பயணத்தையும் ஓட்டிப் பார்க்கலாம். கடைசி அரை நிமிடத்தில் உயரம், வேகம், போன திசை, பேட்டரி, ஜிபிஎஸ் சாட்டிலைட் எண்ணிக்கை எல்லாம் எப்படி மாறின என்று கவனியுங்கள்.

உயரம் சட்டென்று சரிந்து, அதோடு பதிவு முடிந்திருந்தால் ட்ரோன் விழுந்திருக்கிறது. அப்போதும் நேர் கீழே விழாது. நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில், 80 மீட்டர் உயரத்தில் போனது என்று வையுங்கள். தரையைத் தொட நான்கைந்து நொடி ஆகும். அதற்குள் போன திசையிலேயே 40 மீட்டர் வரை முன்னால் போய்விடலாம். காற்று பலமாக இருந்தால் அது தள்ளும் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உயரம் மாறாமல் 60 மீட்டரில் சீராக இருந்து பதிவு அறுந்திருந்தால் கதை வேறு. அங்கே அறுந்தது பெரும்பாலும் சிக்னல் மட்டும்தான். சிக்னல் போனால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான் பெரும்பாலான ட்ரோன்களில் வழக்கமான அமைப்பு. அமைத்து வைத்த திரும்பும் உயரத்துக்கு ஏறி, அங்கிருந்து புறப்பட்ட இடத்தை நோக்கி நேர்கோட்டில் வரும். அது வந்து சேரவில்லை என்றால் வழியில் எதிலோ மோதியிருக்கலாம், எதிர்க்காற்றில் பேட்டரி தீர்ந்து நடுவழியில் இறங்கியிருக்கலாம். இந்தச் சூழலில் கடைசிப் புள்ளியைச் சுற்றிச் சுற்றித் தேடுவது வீண் வேலை. அந்தப் புள்ளிக்கும் புறப்பட்ட இடத்துக்கும் இடையே கோடு போட்டு, அந்தக் கோட்டில் திரும்பும் உயரத்தை எட்டக்கூடியது எது என்று பாருங்கள்: பனைமரம், செல்போன் டவர், உயரமான கட்டடம், குன்று. தேடலை அங்கிருந்து ஆரம்பிப்பதே நல்லது.

மலைப்பகுதியில் இன்னொரு சிக்கல் உண்டு. திரையில் தெரியும் உயரம் புறப்பட்ட இடத்தில் இருந்து கணக்கிட்டது, கீழே இருக்கும் தரையில் இருந்து அல்ல. ஏற்காட்டில் ஒரு விளிம்பில் நின்று பறக்கவிட்டால் '30 மீட்டர்' என்று காட்டும்போது பள்ளத்தாக்கு அதற்குக் கீழே நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் இருக்கலாம். விழ எடுக்கும் நேரம் கூடும், தேட வேண்டிய பரப்பும் கூடும். எதிரே ஏறிக்கொண்டே போகும் சரிவு என்றால் அதே 30 மீட்டர் மரக்கிளைக்குள் கொண்டு போய் விட்டிருக்கும்.

பதற்றத்தில் செய்யும் தவறுகள் இன்னும் மோசமானவை. ரிமோட்டை அணைத்துவிடுவது அதில் முதன்மையானது. ட்ரோன் இன்னும் வானத்தில் இருக்கலாம். அருகே வரும்போது தானாக இணைப்பு திரும்பலாம். அதனால் ரிமோட் ஓடிக்கொண்டே இருக்கட்டும், புறப்பட்ட இடத்தில் ஒருவர் நிற்கட்டும். அப்புறம், ஆப் கோளாறு என்று நினைத்து அதை நீக்கி மறுபடி நிறுவுகிறார்கள். சர்வரில் ஏற்றப்படாத பதிவுகள் போனில் மட்டுமே இருக்கும். ஆப்போடு சேர்ந்து அவையும் அழிந்துவிடும். மேலே இருந்து தேடலாம் என்று உடனே இன்னொரு ட்ரோனைப் பறக்கவிடுவதும் கூடாது, மேப்பில் பழைய புள்ளி மாறிவிடலாம். முதலில் கடைசிப் புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு போனுக்கும் அனுப்பிவிட்டு, பிறகு செய்யுங்கள். படம் பிடிக்கும்போது போனில் வீடியோவைச் சேமிக்கும் வசதி இயக்கத்தில் இருந்தால் அந்தக் குறும்பதிவையும் பாருங்கள். கடைசிக் காட்சியில் தெரியும் ஒரு கிணறோ ஓட்டு வீடோ எண்களைவிட உதவலாம்.

இனி எண்கள். மேப்பில் முதலில் அட்சரேகை, பிறகு தீர்க்கரேகை. சேலம் பக்கத்து எண்களான 11.66, 78.15 என்பதை மாற்றிப் போட்டால் புள்ளி ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அருகே ஆர்க்டிக் கடலில் விழும். இந்தத் தவறு உடனே தெரிந்துவிடும். தெரியாமல் ஏமாற்றுவது அடுத்த தவறுதான். 11 டிகிரி 30 நிமிடம் 45 நொடி என்று எழுதியிருப்பதை 11.3045 என்று தட்டுகிறார்கள். சரியான எண் 11.5125. வித்தியாசம் ஏறக்குறைய 23 கிலோமீட்டர், அதுவும் பார்த்தால் நம்பும்படியான இன்னொரு ஊரில். தசம இடங்களையும் வெட்டாதீர்கள். ஐந்தாவது இடம் ஒரு மீட்டர் அளவுக்கான துல்லியம், மூன்றோடு நிறுத்தினால் நூறு மீட்டருக்கு மேல் தடுமாறும்.

கூகுள் மேப்பில் வழி கேட்டுப் போனால் அது உங்களைப் பெரும்பாலும் பக்கத்துச் சாலையில் கொண்டு நிறுத்தி, வந்துவிட்டோம் என்று சொல்லும். புள்ளி வயலுக்கு நடுவே இருக்கும். வண்டியை விட்டு இறங்கியதும் வழிகாட்டலை நிறுத்திவிட்டு, சாட்டிலைட் படத்தில் உங்கள் நீலப் புள்ளியையும் குறித்த புள்ளியையும் மட்டும் வைத்து நடங்கள். திறந்த வெளியிலேயே போன் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். தென்னந்தோப்பில் இன்னும் கூடுதல்.

தேடும்போது எல்லோரும் தரையையே பார்க்கிறார்கள். தயவுசெய்து மேலே பாருங்கள். கரும்பு, சோளக்காட்டில் குறுக்கும் நெடுக்குமாகப் போகாமல் பார் பாராக நடங்கள், பயிருக்கு உரியவரிடம் சொல்லிவிட்டு. ரிமோட்டையும் சார்ஜ் ஏற்றிக் கையில் எடுத்துப் போங்கள். புல்லுக்குள் கிடக்கும் ட்ரோனின் சிக்னல் வெகுதூரம் எட்டாது. வரப்பு, மொட்டை மாடி என்று சற்று உயரமான இடத்தில் நின்றால் இணைப்பு கிடைக்க வாய்ப்பு அதிகம். கிடைத்த அடுத்த கணம் மேப்பில் இடம் புதுப்பிக்கப்படும், பீப் ஒலியையும் விளக்கையும் இயக்கலாம். அந்தி மங்கும் நேரத்தில் விளக்கு நன்றாகத் தெரியும். இதெல்லாம் பேட்டரியில் உயிர் இருக்கும்வரைதான்.

எஃப்பிவி ட்ரோன், அதாவது திரையுள்ள கண்ணாடி அணிந்து ட்ரோன் கேமரா வழியாகவே பார்த்து ஓட்டும் வகை, ஓட்டுபவர்கள் அந்தக் கண்ணாடியில் பதிவான வீடியோவின் கடைசி நொடிகளைப் பார்த்தால் போதும், அட்சரேகை தீர்க்கரேகை திரையில் வரும்படி பீட்டாஃப்ளைட் என்ற ட்ரோன் கட்டுப்பாட்டு மென்பொருளில் முன்பே அமைத்திருந்தால். மோதும்போது பேட்டரி கழன்றுவிட்டால் சாதாரண பீப்பர் ஊமையாகிவிடும். தனி பேட்டரியுள்ள சிறு பீப்பர் ஒன்றைப் பொருத்தாமல் பறக்கவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

கண்டுபிடித்த மகிழ்ச்சியில் உயிரோடு விளையாடாதீர்கள். மின்கம்பியில் மாட்டியிருந்தால் தொரட்டியோ மூங்கிலோ எடுக்கவே கூடாது, மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். காப்புக்காட்டுக்குள் விழுந்திருந்தால் வனத்துறை அனுமதியோடு மட்டும் போங்கள். தண்ணீரில் கிடந்ததை எடுத்தால் வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்க்காமல் பேட்டரியையும் மெமரி கார்டையும் கழற்றுங்கள். உப்பியதோ அடிபட்டதோ ஆன பேட்டரியை மறுபடி சார்ஜில் போடவும் வேண்டாம், வீட்டுக்குள் வைக்கவும் வேண்டாம். அது சில மணி நேரம் கழித்தும் தீப்பிடிக்கலாம்.

ட்ரோன் விபத்து என்றால் 2021 ட்ரோன் விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் விமானப் போக்குவரத்து இயக்ககத்துக்கு (டிஜிசிஏ) அதன் ட்ரோன் சேவைக்கான இணையதளத்தில் தெரிவிக்க வேண்டும். கிடைக்கவே இல்லை என்று உறுதியானால் உங்கள் பெயரில் உள்ள அதன் பதிவையும் அங்கேயே நீக்கக் கேளுங்கள்.