வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்வது எப்படி?

தமிழ்நாட்டு நகரங்களில் வாடகைக்கு வீடு பிடிப்பவர்கள், முன்பணத்தைப் புரட்டுவதிலும் சாமான்களை ஏற்றி இறக்குவதிலும் காட்டும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஒப்பந்தத் தாளின் மீது காட்டுவதில்லை. தரகர் நீட்டுகிற தாளில் முன்பே அச்சடித்த வாசகங்களுக்கு நடுவே பெயரும் தொகையும் மட்டும் நிரப்பப்பட்டிருக்கும். கடைசிப் பக்கத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சாவியை வாங்கிக்கொள்கிறோம். 2019ஆம் ஆண்டுக்கு முன்பு இதனால் பெரிய இழப்பு நேர்ந்ததில்லை. இப்போது நேரும்.

அந்த ஆண்டு பிப்ரவரி 22ஆம் தேதி வரை நடைமுறையில் இருந்தது 1960ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து வீட்டுப் பற்றாக்குறையின்போது அரசாணையாகத் தொடங்கி, 1946, 1949 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வழியாக வளர்ந்து வந்த மரபின் கடைசிக் கண்ணி அது. வாடகை கூடுதல் என்று வாடகைதாரரோ குறைவு என்று உரிமையாளரோ கருதினால், வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் முறையிட்டு நியாய வாடகையை நிர்ணயிக்கச் சொல்லலாம். குடியிருப்புக் கட்டடமென்றால் அதன் மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம், மற்றவற்றுக்கு 12 சதவீதம் என்ற கணக்கே சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. வெறும் வாய்ப்பேச்சில் குடிவந்தவருக்கும் இந்தப் பாதுகாப்பு இருந்தது.

இப்போது நடைமுறையில் இருப்பது, உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம். இதில் நியாய வாடகை என்ற கணக்கே இல்லை. இருவரும் எழுத்தில் ஒத்துக்கொண்டதுதான் வாடகை. பழைய சட்டத்தின் கீழ் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபட்டதும், அதற்கு அஞ்சியே பலர் வீட்டைப் பூட்டி வைத்திருந்ததும் உண்மைதான். அந்த நிலையை மாற்ற வேண்டியிருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் முன்பு சட்டப் புத்தகத்தில் இருந்த பாதுகாப்பின் பெரும்பகுதி இன்று ஒப்பந்தத் தாளுக்குள் இடம் மாறியிருக்கிறது என்பதை, வாடகை வீடு தேடும் ஒவ்வொருவரும் வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

பதினொரு மாதக் கணக்கு

முதலில் களைய வேண்டிய தவறான எண்ணம் ஒன்று உண்டு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அந்தச் செலவைத் தவிர்க்கவே பதினொரு மாத ஒப்பந்தம் நம் ஊரில் வழக்கமாயிற்று. "பதினொரு மாதம்தானே, பதிவெல்லாம் தேவையில்லை" என்று தரகர் இன்றும் சொல்வார். அவர் சொல்வது சார்பதிவாளர் அலுவலகப் பதிவுக்கு மட்டுமே பொருந்தும். 2017ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பது வேறொரு பதிவு. இதில் கால அளவு எதுவானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அது, இந்தச் சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட அலுவலரான வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். பதினொரு மாதமானாலும் மூன்றாண்டானாலும் இதில் வேறுபாடு கிடையாது.

பதிவாகாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று சட்டத்தின் 4ஏ பிரிவு கூறுகிறது. அத்தோடு முடியவில்லை: எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே காரணமாகக் காட்டி, வீட்டைக் காலி செய்து தரும்படி உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தை நாடவும் சட்டம் இடம் தருகிறது. இருபது ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாய்ப்பேச்சில் குடியிருக்கும் முதியவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் செய்தி எட்டியிருக்கிறதா என்று அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

முன்பணம்

பழைய சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றது. சென்னையில் பத்து மாத வாடகையை வாங்கினார்கள். புதிய சட்டம் மூன்று மாத வாடகை என்கிறது. ஆனால் அந்த வாசகமே "மாறான ஒப்பந்தம் இருந்தாலொழிய" என்ற பொருளில்தான் தொடங்குகிறது. இந்த ஒரு தொடரால் வரம்பு நெகிழ்ந்துவிடுகிறது. மாதம் 12,000 ரூபாய் வாடகையுள்ள வீட்டுக்குச் சட்டத்தின் அளவு 36,000 ரூபாய். ஒப்பந்தத்தில் 1,20,000 ரூபாய் என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால், பிறகு மூன்று மாதக் கணக்கைக் காட்டி வாதாடுவது கடினம். ஆகவே முன்பணத்தைக் குறைத்துப் பேச வேண்டிய நேரம் கையெழுத்திடுவதற்கு முன்புதான். சட்டத்திலேயே மூன்று மாதம் என்ற அளவு குறிப்பிடப்பட்டிருப்பதை மரியாதையாக எடுத்துச் சொல்லிக் கேட்டால், ஐந்து மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ இறங்கிவரும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள்.

முன்பணத்தை எப்போதும் வங்கி வழியாகவே செலுத்துங்கள். ஒரு பகுதியை ரொக்கமாகக் கொடுக்கும்படி கேட்டால், அந்தத் தொகையும் ஒப்பந்தத்தில் எண்ணாலும் எழுத்தாலும் இடம்பெற வேண்டும். தாளில் இல்லாத தொகையைத் திரும்பக் கேட்க வழியே இராது.

எழுத்தில் வர வேண்டியவை

வாடகைத் தொகை, கால அளவு, முன்பணம் ஆகியவற்றை யாரும் மறப்பதில்லை. தகராறு வருவது மற்றவற்றில்தான். வாடகை எப்போது, எத்தனை சதவீதம் உயரும் என்பதை எழுதாமல் விடக் கூடாது. உயர்வு ஒப்பந்தத்தின்படி அமைய வேண்டும் என்பதே சட்டத்தின் நிலை. காலி செய்ய இரு தரப்பும் எத்தனை மாத முன்னறிவிப்புத் தர வேண்டும், பராமரிப்புக் கட்டணம் வாடகையில் அடங்குமா, கோடையில் லாரித் தண்ணீர் வாங்க நேர்ந்தால் அதை எப்படிப் பகிர்வது என்பவையும் தாளில் வர வேண்டும்.

மின்கட்டணத்தைத் தனியாகவே சொல்ல வேண்டும். பல வீடுகளில் வாடகைதாரருக்குத் தனி இணைப்பு இருப்பதில்லை. உரிமையாளரின் இணைப்பிலிருந்து ஒரு சப் மீட்டரை வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். வீட்டின் மீட்டர் மின்வாரிய இணைப்பா, சப் மீட்டரா, யூனிட்டுக்கு எவ்வளவு என்பதை எழுதுங்கள். தனி இணைப்பென்றால் அதன் எண்ணையும், குடிவரும் நாளில் மீட்டர் காட்டிய அளவையும் எழுதுங்கள்.

அடுத்தது பழுதுபார்ப்பு. யார் எதைச் செய்ய வேண்டும் என்று சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பிரித்துக் காட்டுகிறது. கட்டடத்தின் கட்டமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுவது, குழாய் மாற்றுவது, மின்கம்பி அமைப்பு ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. தண்ணீர்க் குழாயின் திருகு, வாஷர், கழிவுநீர் அடைப்பு, சுவிட்ச், பூட்டு, கைப்பிடி போன்ற சில்லறை வேலைகள் வாடகைதாரர் பொறுப்பு. இதிலும் ஒப்பந்தம் வேறு விதமாக வகுத்திருந்தால் அதுவே செல்லும். நான் முன்பு குடியிருந்த வீட்டைக் காலி செய்தபோது, "பெயின்ட் செலவு" என்று ஒரு மாத வாடகையை முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். கூடத்துச் சுவரில் நாள்காட்டி மாட்டிய ஓர் ஆணித் துளையும் சமையலறை மேடைக்கு மேல் படிந்த எண்ணெய்ப் புகையும் தவிர வேறு சேதம் எதுவும் இல்லை. அட்டவணையைக் காட்டலாம் என்று ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன். ஆறாவது வரியில், காலி செய்யும்போது வண்ணம் பூச ஒரு மாத வாடகை கழிக்கப்படும் என்று அச்சாகியிருந்தது. கீழே என் கையெழுத்து. அன்றிலிருந்து அச்சடித்த ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்காமல் பேனாவை எடுப்பதில்லை. ஏற்க முடியாத வரியை அடித்து, அதன் ஓரத்தில் இருவரும் சுருக்கொப்பமிட்டால் போதும். உரிமையாளரும் பெரும்பாலும் அந்த வரியைப் படித்திருக்க மாட்டார்.

குடிவரும் நாளில், சாமான்கள் ஏறுவதற்கு முன், அறை அறையாகப் படம் எடுங்கள். சுவரின் ஈரக்கசிவு, விரிசல் விட்ட தரைக்கல், பிடி இல்லாத சன்னல், மின்விசிறிகளின் எண்ணிக்கை எல்லாம் தெரிய வேண்டும். அன்றே உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தால் தேதியோடு ஓர் ஆவணம் உருவாகிவிடும்.

பதிவு செய்யும் முறை

ஒப்பந்தத்தை இரண்டு அசல் படிகளாகத் தயாரித்து, இருவரும் சாட்சிகளோடு கையெழுத்திட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ள வேண்டும். கையோடு அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள படிவத்தை நிரப்ப வேண்டும். இரு தரப்பின் பெயர், முகவரி, தொடர்பு விவரம், அடையாளச் சான்று, வீட்டின் முழு விவரம், வாடகை, கால அளவு ஆகியவற்றைக் கேட்கும். வீட்டை வேறொருவர் மேற்பார்த்தால் அவருடைய விவரமும் தேவை. ஒப்பந்தத்தைத் தெளிவாக ஸ்கேன் செய்து ஏற்றுங்கள். படிவத்தில் எழுதும் பெயரும் கதவு எண்ணும் ஒப்பந்தத்தில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் இருக்கட்டும்.

விண்ணப்பம் வாடகை அதிகாரியிடம் செல்லும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரே அந்தப் பொறுப்பில் இருப்பார். அவர் ஏற்றதும் வாடகைப் பதிவு எண் ஒன்று கிடைக்கும். அந்த எண்ணை உங்கள் அசல் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்தால் வரி கட்ட நேரும் என்று சில உரிமையாளர்கள் தயங்குவார்கள். பதிவாகாத ஒப்பந்தத்தை வழக்கில் அவர்களும் சாட்சியமாகக் காட்ட முடியாது என்று எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்.

பிணக்கு வந்தால்

எந்தக் கதவைத் தட்டுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வாடகையை வாங்க உரிமையாளர் மறுத்தால், தொடர்ந்து இரண்டு மாதங்கள் மணியார்டர் போன்ற வழியில் அனுப்பிப் பார்த்து, அப்போதும் ஏற்காவிட்டால் வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம். கோபத்தில் வாடகையை நிறுத்துவது பெரும் பிழை. வாடகை பாக்கியே வெளியேற்றத்துக்கான காரணங்களில் ஒன்று. தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி வெளியேறச் செய்ய உரிமையாளருக்கு அதிகாரம் கிடையாது. அப்படி நேர்ந்தால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்து உடனடி இடைக்கால ஆணை கேட்கலாம். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு வாடகை நீதிமன்றத்துக்குப் போகும். அதன் தீர்ப்பின் மீதான மேல்முறையீடு வாடகைத் தீர்ப்பாயத்துக்கு. எழுத்தில் அனுமதி பெறாமல் உள்வாடகைக்கு விடுவதும், சொந்தக் குடியிருப்புக்காக உரிமையாளருக்கு வீடு தேவைப்படுவதும் அங்கே ஏற்கப்படும் காரணங்களில் அடங்கும். ஒப்பந்தக் காலம் முடிந்தும் புதுப்பிக்காமல் தங்கியிருந்தால் வழக்கமான வாடகையைவிடக் கூடுதலாகச் செலுத்த நேரும். அதனால், தொடர்ந்து இருக்க விரும்புபவர்கள் காலம் முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே பேசிப் புதிய ஒப்பந்தத்தை எழுதி, அதையும் பதிவு செய்துவிட வேண்டும்.

காலி செய்யும் நாளில் மீண்டும் அறை அறையாகப் படம் எடுத்து, மீட்டர் அளவைக் குறித்து, கடைசி மின்கட்டண ரசீதையும் சாவியையும் சேர்த்து ஒப்படையுங்கள். எத்தனை சாவிகள், எந்தத் தேதி என்று ஒரு தாளில் எழுதி உரிமையாளரின் கையெழுத்தை வாங்குங்கள். நியாயமான கழிவுகள் போக மீதி முன்பணத்தை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம். அந்த ஒரு மாதம் இந்தத் தாளில் உள்ள தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது.