சித்திரை வெயிலில் மாடித்தோட்டம்: வெண்டையில் தொடங்குங்கள்

ஆடிப்பட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. சித்திரையில் விதைத்தாலும் மொட்டைமாடியில் காய் பறிக்கலாம், பயிர் மட்டும் வெயில் தாங்குவதாக இருக்க வேண்டும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் தக்காளி நாற்றைத்தான் முதலில் வாங்குகிறார்கள். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் புழுக்கம் விடாத நாட்களில் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரும். அதைத் தள்ளிப்போடுங்கள். வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை மூன்றும் இந்த வெயிலுக்கு அசராதவை. இங்கே வெண்டையை வைத்தே சொல்கிறேன்.

முதலில் மண். செம்மண் 2 பங்கு, தென்னை நார்க்கழிவு 1 பங்கு, மண்புழு உரம் அல்லது மக்கிய தொழு உரம் 1 பங்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு இன்னொரு முறை அலசிப் பிழியுங்கள்; அதில் உப்பு இருக்கும். ஒரு அடி ஆழமுள்ள பையில் நிரப்பி, தரையில் படாமல் செங்கல் மேல் வையுங்கள். தளத்தின் சூடு வேருக்கு ஏறாது, நீரும் வடியும்.

அப்புறம் விதை. இரவு முழுக்க ஊறவைத்து, பைக்கு இரண்டு விதையாக அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். ஒரு வாரத்துக்குள் முளைக்கும். நான்கு இலை வந்ததும் நல்ல செடியை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரித்துவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும்.

பலரும் கோட்டை விடுவது தண்ணீரில்தான். மாடித் தொட்டியிலும் வெயிலில் கிடக்கும் குழாயிலும் மதியம் வருவது வெந்நீர். காலையில் வெயில் ஏறும் முன் ஊற்றிவிடுங்கள். மாலையில் ஊற்றினால், குழாயில் தேங்கிய சூட்டு நீரை முதலில் வெளியே விட்டுவிடுங்கள். மேல்மண் காய்ந்திருப்பதைப் பார்த்து ஏமாறாமல், விரலை இரண்டு அங்குலம் நுழைத்துப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் வேண்டாம். காய்ந்த இலை, வைக்கோல், தேங்காய் மட்டை என்று எது கிடைத்தாலும் மண் காயாமல் இருக்க மேலே மூடாக்காகப் பரப்புங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் இதுதான் செடியைக் காப்பாற்றும்.

நிழல்வலை? கடைக்காரர் கட்டாயம் என்பார். நாற்றுக்கு முதல் இரண்டு வாரம் மதியத்தில் பழைய பருத்திப் புடவை போதும். வளர்ந்த வெண்டைக்கு நிழல் கொடுத்தால் காய்தான் குறையும்.

இலை நரம்பு மஞ்சளாகப் பின்னினால் அது வெள்ளை ஈ பரப்பும் நோய். மருந்து கிடையாது, அந்தச் செடியை உடனே அப்புறப்படுத்துங்கள். ஈ தலைகாட்டும்போதே லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து, வெயில் சாய்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் தெளிக்கலாம்.

ஏறத்தாழ 40 நாளில் பூ வரும். பூத்த ஐந்தாறு நாளில் காய் தயார். நுனி சட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறியுங்கள். முற்றவிட்டால் அடுத்த பூ தாமதமாகும். வெண்டைச் செடியின் சுனை, அதாவது மெல்லிய முடி, அரிக்கும்; பறிக்கும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.