மூன்று விலை, ஒரு குசினி

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் குசினியைத் திருத்த மூன்று பாஸ்மாரிடம் விலை கேட்டேன். மூன்று தொகையும் ஒன்றுக்கொன்று ஒட்டவேயில்லை. குறைந்ததை எடுத்துப் பத்து வீதம் சேர்த்துப் பார்த்தேன்; அப்புறம் சதுர அடிக்கு இவ்வளவு என்று பெருக்கினேன். ஒரு கிழமை வீண்.

கடைசியில் அளவு நாடாவோடு நானே இறங்கினேன். வேலையையும் அளவையும் மட்டும் எழுதி, விலைக்கு இடம் விட்டு, ஒரே தாளை மூவருக்கும் கொடுத்தேன். அப்போதுதான் ஓட்டை தெரிந்தது. ஒருவர் பழைய டைல்ஸை உடைத்து, மூன்றாம் மாடியிலிருந்து இறக்கி, லொறியில் ஏற்றும் கூலியைச் சேர்க்கவேயில்லை. இன்னொருவர் பன்ட்ரி கபட் விலையில் 18 வீத வற் வரியை விட்டிருந்தார். மலிவென்று நான் நினைத்தவர்தான் கடைசியில் விலை கூட!

டைல்ஸில் நானே பிழை விட்டிருந்தேன். 10க்கு 12 அடித் தரை, 120 சதுர அடி. நான் பார்த்த இரண்டடி டைல் பெட்டிக்கு நான்கு, அதாவது 16 சதுர அடி. ஏழரைப் பெட்டி என்று எழுதி வைத்திருந்தேன். கடையில் அரைப் பெட்டி தரமாட்டார்கள். வெட்டுச் சேதம் 10 வீதம் சேர்த்தால் 132 சதுர அடி, ஆக 9 பெட்டி. எல்லாப் பெட்டியிலும் ஒரே தொகுதி இலக்கமா, அதாவது ஒரே தடவையில் செய்த டைல்ஸா என்றும் பார்த்து வாங்குங்கள். பிறகு ஒரு பெட்டி வாங்கப் போனால் நிறம் சற்று மாறியிருக்கலாம்.