இதயச் செயலிழப்பு: உடலில் நீர் சேர்வதை வீட்டிலேயே கண்காணிக்கும் முறை

இதயம் போதிய வலுவுடன் இரத்தத்தை வெளியேற்ற இயலாதபோது, சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் உடலிலேயே தேக்கி வைக்கின்றன. கால் வீங்குவதற்கு முன்பே இத்தேக்கத்தைப் பெரும்பாலும் எடை காட்டிக்கொடுத்துவிடும்.

காலையில் சிறுநீர் கழித்த பின், எதையும் உண்பதற்கு முன், ஏறத்தாழ ஒரே மாதிரியான உடையில், கெட்டியான சமதளத் தரையில் வைத்த அதே கருவியில் எடை பார்த்து, தேதியுடன் எழுதி வையுங்கள். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. ஆகவே 3 நாட்களில் 2 கிலோவுக்கு மேல் கூடினால், அது பெரும்பாலும் கொழுப்பன்று, நீரே. மருத்துவர் உங்களுக்கென வேறு வரம்பு சொல்லியிராவிட்டால், அன்றே அவரை அழையுங்கள்.

அடுத்து, கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பின் மீது கட்டைவிரலால் சில விநாடிகள் அழுத்தி எடுங்கள். குழி உடனே மறையாமல் நின்றால் நீர் சேர்ந்திருக்கக்கூடும். படுக்கையிலேயே இருப்பவருக்கு வீக்கம் காலைவிட இடுப்பின் பின்புறத்தில் தெளிவாகத் தெரியும். கவனிப்பவர்கள் பலர் அங்கே பார்ப்பதேயில்லை என்பது வருத்தத்துக்குரியது. மட்டமாகப் படுத்தால் மூச்சுத் திணறி, இரவில் கூடுதல் தலையணை தேவைப்பட்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நீர்ப்போக்கி மாத்திரையின் (கூடுதல் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை) அளவை மருத்துவர் சொல்லாமல் மாற்றாதீர்கள். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் நீர்த்தேக்கத்தை அதிகரிக்கும் என்பதால் அவற்றைத் தாமாக வாங்கி உட்கொள்ளக் கூடாது.

ஓய்விலும் மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வந்தாலோ, எடையைப் பார்த்துக்கொண்டிராமல் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.